அன்னத்தாய்க்காக ஆட்டிப் பார்த்த ஆபீஸ்

என் சித்தப்பா மகன் ஞானராஜ் ஐந்தடிதான் இருப்பான். குள்ளம் என்று யாராவது சொன்னால் கோபப்பட மாட்டான். "பாலத்துக்கு அடியில குனியாம போயிட்டு வாரவன் நான் ஒருத்தன்தாம்லே" என்பான். அந்த ஐந்தடி ஆள் நட்ட தூண்கள் இருபத்திரண்டு அடி. அவற்றின் உச்சியில் ஒரு சாண் அகல இரும்பின்மேல், வாயில் பீடியோடு, கடைத்தெருவில் நடப்பதுபோல் நடப்பான். கீழே நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை போட்டபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பாலங்களுக்கு ரிவெட் அடிக்கும் கூட்டத்தில் சேர்ந்தான். ரிவெட் என்பது ஒரு பக்கம் தலை வைத்த இரும்பு முளை. அதை உலையில் சிவக்கக் காய்ச்சி, இரண்டு இரும்பிலும் போட்ட துளையில் செருகி, மறுபக்கத்தையும் அடித்துத் தலையாக்கிவிட வேண்டும். ஆறும்போது அது சுருங்கி இரண்டு இரும்பையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடும். பிரிக்க வேண்டுமானால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பாதை முடிந்ததும் மேஸ்திரியோடு வடக்கே போய்விட்டான். நடுவில் ஒரு தடவை வந்து, கான்சாபுரத்து அன்னத்தாயைக் கட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிப்போனான். போன இடம் வடமேற்கு எல்லையில் குவெட்டா.

முப்பத்தைந்தாம் வருஷம் மே மாதக் கடைசி நாள், விடியுமுன் வந்த பூகம்பத்தில் அந்த ஊர் ஒரு நிமிஷத்துக்குள் விழுந்தது. ஞானராஜ் பாதை வேலையில் திறந்த வெளியில் இருந்தான். அன்னத்தாய் வாடகை அறையில் இருந்தாள். மண் சுவர், மண் கூரை. பொழுது சாயும் வரை அதற்கு அடியில் கிடந்தாள். இரண்டு விலா எலும்பும் ஒரு முன்கையும் முறிந்திருந்தன. எல்லாம் நன்றாகக் கூடிவிட்டன. நானே தடவிப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகு அவள் எந்தக் கூரைக்குக் கீழேயும் போகவில்லை.

போகவில்லை என்றால் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தால் வாசலுக்கு வெளியே முழங்காலிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டு முற்றத்தில் நாலு கம்பு நட்டு, மேலே ஓலை போட்டு, சுவரில்லாமல் குடியிருந்தாள். "ஓலை விழுந்தா தும்மல்தான் வரும் மைனி" என்பாள் என்னிடம். ஓலை மட்டும் அவளுக்குச் சரி. நான் அப்போது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவம் பார்ப்பதுதான் என் முக்கிய வேலை. அவள் கர்ப்பமானபோது ஆஸ்பத்திரிக் கேட் வரை வந்தாள், தேக்கு உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். நான் வேப்பமரத்தடிக்கு ஒரு பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டு அங்கே வைத்துப் பார்த்தேன்.

முதல் பிள்ளை முப்பத்தாறு ஐப்பசியில், அந்த ஓலைக்கு அடியில் பிறந்தது. அடை மழை. நாலு பக்கமும் சாரல். எட்டாம் நாள் மார்ச்சளியில் போய்விட்டது. நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். சுவர் மட்டும் என்னிடம் இல்லை. மறுவருஷம் அவள் மறுபடி உண்டானாள். கணக்குப் போட்டால் இதுவும் ஐப்பசி. ஞானராஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏலே, மழைக்கு முந்தி இவளை நாலு சுவத்துக்குள்ள கொண்டாரணும். எப்படிக் கொண்டாருவியோ தெரியாது. இல்லாட்டி போன தடவை மாதிரிதான்."

"தூக்கிட்டு ஓடியாந்துரவாக்கா?"

"தூக்கிப் பாரு. எகிறிக் குதிச்சு ஓடுவா. பிள்ளைத்தாச்சி ஓடினா எனக்குத்தான் வேலை."

அவன் யோசித்தபடியே போனான்.

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் சஞ்சீவி ராஜாவின் மைக்கூடு நடக்க ஆரம்பித்தது. அவருக்கு ஒரு ஜின்னிங் ஆலை இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஆலை. பெரிய எண்ணெய் எஞ்சின் ஒன்றைப் புதிதாக வாங்கி, ஆபீஸ் அறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் வைத்தார். எஞ்சின் ஓட ஆரம்பித்தால் அவருடைய மேஜைமேல் மைக்கூடு மெல்ல நகர்ந்து விளிம்புக்குப் போகும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கையெழுத்துப் போடுவார். சுவரெல்லாம் வெடிப்பு. காரை உதிர்ந்து மோரில் விழும். ஒருநாள் காந்திப் படத்தின் ஆணி பிடுங்கிக்கொண்டு படம் நேரே அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. புதிதாக ஆபீஸ் கட்டுவது என்று முடிவு செய்தார். மாடி வைத்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, பட்டணத்து ஆபீஸ்போல இருக்க வேண்டும். எஞ்சினுக்கு ஆடவும் கூடாது.

ஞானராஜ் அவரைப் போய்ப் பார்த்தான். கையில் படமோ பிளானோ கிடையாது. ஆலைக் காவல்காரரின் நார்க் கட்டில் ஒன்று வாசலில் கிடந்தது. நாலு காலும் லொடலொடவென்றிருக்கும்.

"முதலாளி, இதுல செத்த உக்காருங்க" என்றான்.

உட்கார்ந்தார். இவன் கட்டில் சட்டத்தைப் பிடித்து ஆட்டினான். சஞ்சீவி ராஜா கனமான மனிதர். கட்டில் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, வண்டிப்பாதையில் போகிற மாட்டுவண்டி மாதிரி போயிற்று.

"ஏமிரா! என்னைக் கொல்ல வந்தியா?" தெலுங்கு வீட்டுக்காரர்; கோபம் வந்தால் தெலுங்கு முந்திக்கொள்ளும்.

"எறங்காதீய முதலாளி." இவன் சணல் கயிறு எடுத்து, கட்டில் கால்களுக்கு நடுவே குறுக்கும் மறுக்குமாக, பெருக்கல் குறி மாதிரி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினான். மறுபடி ஆட்டினான். கட்டில் முனகியது. சாயவில்லை.

ராஜா குனிந்து கயிற்றைப் பார்த்தார். எழுந்து நின்று தாமே ஆட்டிப் பார்த்தார். காவல்காரரை உட்காரவைத்து ஆட்டினார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆட்டினார். அவர், "சாலு முதலாளி, சாலு!" என்று, போதும் என்பதைத் தமக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்லிக் கெஞ்சும்வரை விடவில்லை.

"சுவத்தைப் பெருசாக் கட்டினா நிக்காதா?" என்று கேட்டார் ராஜா.

"சுவரு பெருத்தா கனம் முதலாளி. தரை ஆடும்போது அந்தக் கனமே அதைத் தள்ளிவிட்டுரும். குவெட்டாவுல ரெண்டு முழச் சுவரெல்லாம் படுத்துட்டு. ரயில்வேக்காரன் அதுக்கு முந்தி வந்த ஆட்டத்துல பட்டுட்டு, பழைய தண்டவாளத்தை எலும்பா வச்சுச் சில வீடு கட்டியிருந்தான். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. அது மட்டும் நின்னுச்சு. எலும்பு ஒல்லியா இருக்கணும், வளையணும், ஒண்ணோட ஒண்ணு விடாமப் பிடிச்சிருக்கணும். செங்கல் சும்மா இடத்தை அடைக்கத்தான்."

"இங்க எங்கேடா பூமி ஆடுது?"

"உங்க மைக்கூட்டைக் கேளுங்க."

அதோடு பேச்சு முடிந்தது. விருதுநகரில் ரயில்வே கழித்துப்போட்ட தண்டவாளங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கின.

பங்குனியில் தொடங்கி ஆவணிக்குள் அந்த எலும்புக்கூடு எழுந்து நின்றது. ஆள் உயரக் குழி தோண்டி, அடியில் காங்கிரீட் போட்டு, தண்டவாளங்களைத் தூணாக நிறுத்தினான். நாலு திசையிலும் அவற்றைத் தண்டவாளத்தாலேயே பிணைத்தான். முக்கியமான கட்டங்களில் இரும்புப் பட்டை பெருக்கல் குறியாக ஓடியது. ஒவ்வொரு மூட்டிலும் ரிவெட்.

ரிவெட் அடிப்பதைப் பார்க்க ஊர் கூடியது. பழைய பாலத்துக் கூட்டத்திலிருந்து மூன்று பேரை வரவழைத்திருந்தான். கீழே ஒருவர் உலையில் காய்ச்சிய ரிவெட்டை இடுக்கியால் பிடித்து மேலே வீசுவார். அது செக்கச்செவேலென்று பறந்துபோகும். மேலே, கம்பியைக் காலால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவர் அதை மண்ணெண்ணெய் டின்னில் 'டங்' என்று பிடிப்பார். மூன்றாமவர் ஒரு பக்கம் முட்டுக் கொடுக்க, ஞானராஜ் மறுபக்கம் சம்மட்டியால் அடிப்பான். ஜின்னிங் ஆலைப் பெண்கள் மத்தியானச் சோற்றுத் தூக்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். டின்னில் விழுந்தால் குலவை. தவறினால் "ஓடுங்கட்டீ!" ஒருதடவை தவறிய ரிவெட் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராஜாவின் குடையில் விழுந்து, துணியைச் சுட்டுத் துளைத்துக்கொண்டு அவர் காலடியில் வந்து நின்றது. அவர் அரண்டுபோவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். மனிதர் அந்தத் துளை வழியாக வானத்தைப் பார்த்துச் சிரித்தார். கடைசிவரை அதே குடையைத்தான் பிடித்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் துளைக்குள் விரலை விட்டுக் காட்டுவார்.

ரிவெட் அடிக்கிறவர்களின் தீக்காயத்துக்கு மருந்து போட வாரம் ஒருமுறை நான் பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு தடவை, இறங்கிவரச் சோம்பல்பட்ட ஞானராஜுக்கு மருந்து போட ஏணியில் மேலே ஏறினேன். மேற்கே செண்பகத்தோப்பு மலை வரை பச்சையாகக் கிடந்தது. கீழே பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன்.

புரட்டாசிக் கடைசியில் சுவரும் தகரக் கூரையும் முடிந்தன. கதவு ஜன்னல்தான் பாக்கி. ஞானராஜ் மனைவியை வண்டியில் கூட்டிவந்து, சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்திக் காட்டினான். நானும் கூட இருந்தேன்.

"பாத்தியா அன்னம்? குவெட்டாவுல நின்ன அதே மாதிரி. உள்ள வாரியா?"

அவள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா நிக்கி" என்றாள். "எல்லா வீடும் நிக்கத்தான் செய்யி. நாம இருந்த அறைகூட முந்தின நாள் ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு. ஆட்டிக் காட்டுங்க."

"எதை?"

"இதைத்தான். ஆட்டுங்க. ஆடின பொறவும் நின்னுச்சுன்னா உள்ள வாரேன்."

ஞானராஜ் என்னைப் பார்த்தான். நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். குழந்தை இறங்க ஆரம்பித்திருந்தது. "ரெண்டு மூணு வாரம்தாம்லே இருக்கு" என்றேன்.

கட்டிடத்தை எப்படி ஆட்டுவது? எஞ்சினுக்கு அது அசையவில்லை, அதற்காகத்தானே கட்டியது. அப்போது அவனுக்குத் தோன்றியதுதான் வடம். மாடி மட்டத்தில், கிழக்கே ஒரு கயிறும் மேற்கே ஒரு கயிறும் உத்தரத்தில் கட்டுவது. கிழக்கே இழுத்து, சட்டென்று விட வேண்டும். அது மறுபக்கம் போகும்போது மேற்கே இழுத்து, விட வேண்டும். ஊஞ்சல் ஆட்டுவது மாதிரி. இதற்குச் சேர்ந்து இழுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைத் தேட வேண்டியதில்லை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை இழுக்கிறவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் சமுத்திரம் என்று ஒரு சம்சாரி. சொந்தக் காட்டில் விளைந்த பருத்தியைச் சஞ்சீவி ராஜாவின் ஆலைக்குப் போடுகிறவர். வடத்தின் முன்நுனியில் நின்று குரல் கொடுப்பவர். ஞானராஜ் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். "ஆடி எப்ப வரும்னு கை ஊறிட்டுல்லா கெடக்கு! எம்புட்டுப் பேரு வேணும்?"

"அறுவது பேரு போதும்ணே."

"எதை இழுக்கணும்?"

"ஆபீஸை."

சமுத்திரம், "சக்கரம் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

தீபாவளிக்கு மறுநாள், ஆலைக்கு லீவு. அறுபது பேரும் புது வேட்டியில் வந்து இறங்கினார்கள். முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்றிருந்தது. சஞ்சீவி ராஜா மாடியில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தார். "நான் இல்லாம என் ஆபீஸை யார் ஆட்டுறது?" என்று மேஜை நாற்காலியை ஏற்றச் சொல்லி, ஒரு சொம்பு நிறைய மோரை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கையசைத்தார். அன்னத்தாய் எதிர்ப்புற மரத்தடியில் வண்டியில் இருந்தாள். நான் பிரசவப் பையோடு போயிருந்தேன். அத்தனை ஆண்கள் கயிற்றைப் பிடித்தால் யாருக்காவது எதுவாவது ஆகும் என்ற எண்ணமும் இருந்தது.

ஞானராஜ் கையில் ஒரு சிவப்புத் துண்டோடு ஆலைத் தொட்டிமேல் ஏறி நின்று, எல்லோருக்கும் விளக்கினான். "துண்டைத் தூக்கினா இழுக்கணும். எறக்கினா விட்டுரணும். விடுறதுதான் முக்கியம். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு!" என்றார்கள்.

துண்டு ஏறியது. கிழக்கே முப்பது பேர் இழுத்தார்கள். கயிறு விண்ணென்று நின்றது. துண்டு இறங்கியது. யாரும் விடவில்லை.

"விடுங்கண்ணே!"

"எதை?" என்றார் சமுத்திரம்.

"கயித்தை!"

"ஏலே ஞானம், என்ன பேசுத நீ? பிடிச்ச வடத்தை விடவா? எங்கப்பன் பாட்டன் யாரும் விட்டதில்ல."

தப்பு எங்கே என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தேர் இழுக்கிறவர்களுக்கு வடம் தளர்ந்தால் அவமானம். தேர் நகரும் வரை இழுப்பார்கள். நகர்ந்தால் இன்னும் இழுப்பார்கள். கிழக்குக்காரர்கள் பிடி விடாததைப் பார்த்த மேற்குக்காரர்கள் துண்டுக்குக் காத்திருக்கவில்லை. அவர்களும் குதிகாலை ஊன்றினார்கள். இரண்டு பக்கமும் முறுக்கேறிய கயிறு, நடுவில் ஆபீஸ். சந்தைக்கட்டில் கட்டின காளை மாதிரி அது அசையாமல் நின்றது.

நகரவில்லை என்றதும் இழுப்பவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அம்புட்டுப் பெரிய தேரே நகருது, இந்த ஆபீஸுக்கு என்னல வந்துச்சு!" என்று சமுத்திரம் கத்தினார். சாலையில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார்கள். ஜின்னிங் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு வந்து பிடித்தார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். "கோவிந்தா!" என்று குரல் எழும்பியது. நாலு பேர் எங்கிருந்தோ உலக்கைத் தடிமனில் கம்புகளைக் கொண்டுவந்து, தேர்ச் சக்கரத்துக்கு நெம்புகோல் போடுகிற மாதிரி, கட்டிடத்துக்கு அடியில் நெம்ப இடம் தேடினார்கள்.

"ஐயோ, அதை நெம்பாதீங்க! அது போகக் கூடாது! போச்சுன்னா என் வேலை போச்சு!" ஞானராஜ் தொட்டிமேல் குதித்துக்கொண்டிருந்தான். துண்டைத் தூக்கினான், இறக்கினான், சுழற்றினான். அது அவர்களுக்கு உற்சாகமூட்டுவதாகப் போய்விட்டது. மாடியிலிருந்து ராஜா, "ஏமிரா, ஆடவே இல்லையே! இழுக்கிறாங்களா, தூங்குறாங்களா?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வண்டியில் அன்னத்தாய் இல்லை.

அவள் சேலையை வரிந்துகட்டி, வண்டிக்காரரின் அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்குக் கயிற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நிறைமாத நடை, அவசரமே இல்லை. கயிறு அவள் தலைக்கு எட்டும் உயரத்தில் போனது. "எல்லாரும் தள்ளிக்கிடுங்க" என்றாள். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அரிவாளை ஓங்கி இரண்டே வெட்டு.

மேற்கே ஐம்பது பேரும் மல்லாந்து சேற்றில் விழுந்தார்கள், தீபாவளி வேட்டியோடு. பிடி அறுந்த கட்டிடத்தைக் கிழக்குக்காரர்கள் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அவர்களும் சரிந்தார்கள். ஆபீஸ் கிழக்கே சாய்ந்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு விரல் அகலம் இருக்கும். பிறகு மேற்கே வந்தது. மறுபடி கிழக்கே. தகரக் கூரை கடகடவென்று சிரித்தது. தண்டவாளங்களில் ஒரு ரீங்காரம் ஓடியது. மாடியில் மோர்ச்சொம்பு கவிழும் சத்தம், அதற்குப் பின்னால் ராஜாவின் அலறல், அதற்குப் பின்னால் அவருடைய சிரிப்பு. "ஆடிடுச்சு! ஆடிடுச்சுடா!" நான் எண்ணினேன்: ஐந்து ஆட்டம். ஆறாவதில் நின்றுவிட்டது. ஒரு செங்கல் விழவில்லை.

அன்னத்தாய் அரிவாளோடு நின்றாள். சேற்றிலிருந்து ஐம்பது பேர் எழ முயன்று ஒருவர்மேல் ஒருவர் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஊர் திரும்பி இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

சிரித்து முடித்து, அரிவாளைக் கீழே போட்டாள். நேராகக் கட்டிடத்துக்குப் போனாள். வாசல் தூணில் உள்ளங்கையை வைத்துச் செத்த நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

ஞானராஜ் தொட்டியிலிருந்து இறங்கப் போனான். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இன்னொரு தடவை இழுங்க! நான் சொல்லும்போது விடணும்!"

சமுத்திரம் மீசைச் சேற்றை வழித்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பிள்ளை சொன்னா விட்டுருவோம்லே" என்றார். அவன் துண்டுக்கு விடாதவர்கள், அவள் குரலுக்கு விட்டார்கள். மிச்சமிருந்த கிழக்குக் கயிற்றை எல்லோரும் பிடித்தார்கள்.

"இழுங்க!" கயிறு முறுகியது. "ம்ம்ம்… விடுங்க!" ஆபீஸ் ஆடி நின்றது.

இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடி, "இழுங்க!"

"என்னல இது, நேரம் பாத்து இழுக்கச் சொல்லுதா?" என்றார் வரிசையில் ஒருவர். அவர் சொன்ன பிறகுதான் நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம். அடுத்தது ஐந்து. அடுத்ததும் ஐந்து. அதற்கடுத்தது நாலு. எனக்கு நன்றாகத் தெரிந்த இடைவெளி அது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவள் நடுத்தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நெற்றியை இரும்பில் வைத்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை. சிரித்தாள்.

"எப்பயிருந்துட்டி வலிக்கு?"

"கயித்தை வெட்டினதுலேருந்து மைனி."

"சொல்றதுக்கு என்னட்டி?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவீய. அங்க யாரு ஆட்டிப் பாத்தா?"

சிரித்தால் வலி வரும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. நாள் நெருங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை என்று கை வைத்துப் பார்த்ததுமே தெரிந்தது. மேஜையை இறக்கச் சொன்னேன். ராஜா மோர் வழிய தாமே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். "என் புது மேஜை" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெந்நீர் வேணுமா நர்ஸம்மா?" என்று முடித்தார்.

"வெந்நீர் வேணும். பொம்பளைக நாலு பேர் வேணும். அந்தக் கயித்தை நிறுத்தச் சொல்லுங்க. ஆடுற இடத்துல நான் பிரசவம் பாக்க முடியாது."

"நிறுத்த வேண்டாம்" என்றாள் அன்னத்தாய். "எனக்கு வலி வரும்போது வெளியே அம்புட்டுப் பேரும் இழுக்காவ. நான் மட்டும் தனியா இழுக்கலன்னு இருக்கு."

வாதாட எனக்கு நேரமில்லை. அவளுக்கு வலி வந்தபோது நான் ஜன்னலில் கையைத் தூக்கினேன்; அவர்கள் இழுத்தார்கள். வலி போனபோது இறக்கினேன், விட்டார்கள். கூரை கடகடத்தது. மேஜைக் கால் என் காலைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கில் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆடுகிற தரையில் பார்த்தது அது ஒன்றுதான். அரைமணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆறேகால் ராத்தல், நல்ல நிறம், உடனே அழுதது.

அழுகை கேட்டதும் வெளியே "கோவிந்தா!" என்று எழும்பியது. கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கோவிந்தா போட்டதை அப்புறம் பாதிரியார் கேட்டுச் சிரித்தார். சமுத்திரம் ஜன்னலுக்கு வெளியே நின்று, "நர்ஸம்மா, இப்பவாவது வடத்தை விடலாமா?" என்றார். விடலாம் என்றேன். விட்டார்கள்.

நஞ்சுக்கொடி விழுந்து, எல்லாம் சுத்தமாகி, நான் கைகழுவிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. ஐப்பசி மழை, நின்று பெய்கிற மழை. வெளியே இருந்தவர்கள் எஞ்சின் கொட்டகைக்கு ஓடினார்கள். ஞானராஜ் மட்டும் வாசலில் நனைந்துகொண்டு, உள்ளே வரலாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். காற்று வாசல் வழியாகச் சாரலை உள்ளே அடித்தது. மேஜையோரம் ஈரமாயிற்று. பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்த அன்னத்தாய் தலையைத் தூக்கினாள்.

இந்த இடத்தில் அவள் எழுந்து ஓடினால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அங்க என்ன பராக்குப் பாத்துட்டு நிக்கீய?" என்றாள் புருஷனிடம். "பிள்ளைக்குச் சாரல் ஆகாது. கதவைச் சாத்துங்க."

அவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது. நாலு நிமிஷத்தில் எங்கேயோ போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த தேக்குக் கதவை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்தடி ஆள்மேல் ஏழடிக் கதவு நடந்து வந்தது. கீல் வந்து சேரவில்லை. ஆணியும் இல்லை. இருந்திருந்தாலும் இவனுக்கு மாட்டத் தெரியாது; இரும்பைத் தவிர எதையும் தொட்டதில்லை. கதவை நிலையில் பொருத்தி நிறுத்தி, வெளியே நின்று முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளே சாரல் நின்றது. அறை இருண்டு கதகதப்பாயிற்று. அன்னத்தாய் தூங்கிப்போனாள். பிள்ளையும் தூங்கியது.

மழை விடும் வரை, மத்தியானம் முழுவதும், அவன் அப்படியே நனைந்துகொண்டு நின்றான். உள்ளே நின்றும் அந்தக் கதவைப் பிடிக்கலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.